பழைய புல்லட்டும் அணைக்கரைக் கற்களும்

சென்ற கோடையில் ஒரு மாலை, மீன்சுருட்டிப் பக்கத்து இளைஞர் ஒருவர் தம் தாயாருடன் நம்மைக் காண வந்தார். அவர் கையில் ஒரு வண்டியின் படமும், ஆர்.சி. புத்தகத்தின் நகலும் இருந்தன. 1978-இல் பதிவான புல்லட் அது. அவர் தாத்தாவும் அக்காலத்தில் அப்படியொரு புல்லட் வைத்திருந்தாராம். "இதுதான் ஃபாதர் என் முதல் வண்டி. நல்ல வண்டியென்று அம்மாவிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்" என்றார். தாயாரோ, "சீட்டுப் பணம் சாமி, இரண்டாம் தடவை வராது" என்று மட்டும் சொல்லி அமைதியானார். ஒருவருக்கு நம் சிபாரிசு வேண்டியிருந்தது. மற்றவருக்கு உண்மை வேண்டியிருந்தது. வண்டியைப் பார்க்காமல் எதுவும் சொல்வதற்கில்லை என்று கூறி அனுப்பினோம்.

புல்லட் என்னும் பெயர் தமிழ் மண்ணோடு கலந்துவிட்ட ஒன்று. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் 1932-இல் அப்பெயர் தோன்றியது. 1950-களின் தொடக்கத்தில் எல்லைக் காவலுக்காக நம் இராணுவம் இவ்வண்டியைத் தேர்ந்துகொண்டது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தின் கூட்டில் என்ஃபீல்டு இந்தியா உருவாயிற்று. சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. பிறந்த நாட்டில் அவ்வண்டியின் உற்பத்தி அற்றுப்போக, திருவொற்றியூர் மட்டும் அதை விடாமல் செய்துகொண்டிருந்தது. தாய்வீடு மூடியபின் புகுந்த வீட்டில் வாழ்ந்த வரலாறு அது. 1994-இல் நிறுவனம் ஐஷர் குழுமத்தின் கைக்கு மாறியது.

காவல்துறையினரும், ஊர்ப் பெரியவர்களும், கிளைக் கிராமங்களுக்குப் பூசைக்குச் செல்லும் பங்குத் தந்தையரும் இவ்வண்டியை நம்பினர். செம்மண் பாதையிலும் முந்திரித் தோப்புகளிடையிலும் அதன் ஓசை கேட்டதும், வருபவர் யாரென்று சிறுவர்கள் சொல்லிவிடுவர். 346 சி.சி. எஞ்சின், தனியே பொருத்தப்பட்ட நான்கு கியர் பெட்டி, டிரம் பிரேக், பாயின்ட் இக்னிஷன்: எல்லாம் ஊர் மெக்கானிக்கின் கைக்கு எட்டிய எளிய அமைப்புகள். எளிதில் பழுது பார்க்கலாம் என்பதே அதன் நீண்ட ஆயுளுக்குக் காரணம். எளிதில் மாற்றவும் செய்யலாம் என்பதே இன்று அதற்கு நேர்ந்துள்ள சோதனையும் ஆகும்.

மாற்றுவது எப்போதுமே தவறா? விடையை நம் அருகிலேயே காணலாம். இராசேந்திர சோழன் எழுப்பிய கங்கைகொண்ட சோழபுரத்துப் பெருங்கோயிலின் மதிலிலிருந்தும் கோபுரத்திலிருந்தும் கருங்கற்களைப் பெயர்த்துச் சென்றுதான், 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரையில் கீழணை கட்டப்பட்டது. ஆர்தர் காட்டன் வகுத்த அவ்வணையால் வயல்கள் நீர் பெற்றன. கோயிலோ தன் மதிலை இழந்தது. பயன் உண்மை, இழப்பும் உண்மை. ஆகவே மாற்றப்பட்ட எந்தப் பழம்பொருளின் முன்னும் இரு கேள்விகள் எழ வேண்டும்: எந்தத் தேவைக்காக மாற்றினார்கள்? அதற்காக எதை இழந்தார்கள்?

பெட்ரோல் விலைக்கு அஞ்சிய குடியானவர்கள் புல்லட்டில் டீசல் எஞ்சினைப் பொருத்தியது ஒரு தேவைக்காக. 1990-களில் தொழிற்சாலையே டீசல் புல்லட்டை வெளியிட்டது. அது மெதுவாக ஓடியது, கடுமையாக அதிர்ந்தது, ஆனால் சிக்கனமாக இருந்தது. மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியதும் மறைந்தது. அந்த மாற்றத்தில் ஏழ்மையின் அறிவு இருந்தது. நாம் பார்க்கச் சென்ற வண்டியிலோ கதை வேறு.

வண்டியைச் சூடாக்கி வைக்க வேண்டாமென முன்னரே சொல்லியிருந்தோம். எஞ்சின் ஆறியிருக்கும்போது உதைத்துக் கிளப்பினால்தான் உள்ளநிலை தெரியும். நான்காம் உதையில் கிளம்பியது. சைலன்சரிலிருந்து நீலப் புகை எழுந்து அடங்கவில்லை. எண்ணெய் எரிகிறது, பிஸ்டன் ரிங்குகளும் சிலிண்டரும் தேய்ந்துள்ளன என்பது பொருள். அதைச் சரிசெய்துவிடலாம். ஆனால் இருக்கையைக் குட்டையாக்குவதற்காகச் சேசிஸின் பின்பகுதியை அறுத்து, வேறு குழாயை வைத்துப் பற்றவைத்திருந்தார்கள். பற்றவைத்த இடத்தின் அருகே பெயின்ட் மயிரிழைபோல் வெடித்திருந்தது. கைப்பிடியை மிக உயர்த்தியதால் கிளட்ச் கேபிள் விறைத்து நின்றது. கூடுதல் விளக்குகளுக்காக ஒயர்களை வெட்டி ஒட்டுநாடா சுற்றியிருந்தார்கள். மாற்றங்களுள் பாராட்டத்தக்கது முன்சக்கரத்து டிஸ்க் பிரேக் ஒன்றே. அதையும் பொருத்திய பட்டறை எதுவென விற்பவருக்குத் தெரியவில்லை.

அடுத்து எண்களைப் பார்த்தோம். சேசிஸ் எண் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்தது, எஞ்சின் எண் ஒத்துவரவில்லை. வேறொரு வண்டியின் எஞ்சின் இதில் இருக்கிறது. அந்த வேறொரு வண்டி எது, யாருடையது என்பதற்கு விற்பவரிடம் மறுமொழி இல்லை. பதிவுப் புதுப்பிப்பும் காலாவதியாகியிருந்தது. தனியார் வண்டிக்குப் பதிவு பதினைந்து ஆண்டுகள் செல்லும். அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆய்வுக்குக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும்.

"விண்டேஜ் வண்டிக்கு அதெல்லாம் பார்க்க மாட்டார்கள்" என்றார் விற்பவர். சட்டம் அவ்வாறு சொல்லவில்லை. 2021-இல் வந்த மைய அரசின் விதிப்படி, ஐம்பது ஆண்டுகளைக் கடந்ததும், பெரிய மாற்றம் ஏதுமின்றி முதல் வடிவிலேயே காக்கப்பட்டதுமான வண்டிதான் விண்டேஜ். அதையும் கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றுக்கு ஓட்டலாமேயன்றி அன்றாடம் ஓட்டலாகாது. இவ்வண்டிக்கு வயது போதாது. வயது நிரம்பினாலும் அறுபட்ட சேசிஸ் அப்பெயரை ஏற்காது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் வகுத்ததிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. ஆக, பழமையின் மதிப்பும் இல்லை, புதுமையின் உறுதியும் இல்லை என்ற நிலையில் அவ்வண்டி நின்றது.

இவை யாவும் சரியாக இருந்தாலும் ஒரு கேள்வி எஞ்சும்: முதல் வண்டியாக இது தகுமா? இங்கே நம் சொந்த அனுபவத்தைச் சொல்லியாக வேண்டும். குருப்பட்டம் பெற்ற புதிதில், இடக்காலில் கியர் மாற்றும் சிறிய வண்டியில் பழகியிருந்த நாம், ஒருநாள் இரவல் புல்லட்டில் புறப்பட்டோம். பழைய புல்லட்டில் கியர் வலக்காலுக்கு, பிரேக் இடக்காலுக்கு. முன்னே சென்ற கரும்பு வண்டி திடுமென நின்றது. நம் கால் பழக்கத்தால் வலப்புறம் மிதித்தது. பிரேக் பிடிப்பதற்குப் பதில் கியர் மாறியது. தோள்பட்டை எலும்பு முறிந்து ஆறு வாரம் படுத்திருந்தோம். பிழை வண்டியினுடையதன்று, அறியாத பொருளை அறிந்ததாக எண்ணிய நம்முடையதே. அந்நாளில் சாலையில் கரும்பு வண்டிதான் நின்றது. இன்று அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும் ஏற்றிய லாரிகள் இரவும் பகலும் ஓடுகின்றன. 160 கிலோவுக்கு மேற்பட்ட வண்டியை அவற்றினிடையே நிறுத்தக் கற்பது முதல் பாடமாக இருக்கலாகாது.

திரும்பும் வழியில் இளைஞர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "தாத்தா ஓட்டினாரே ஃபாதர்" என்றார். "தம்பி, உன் தாத்தா ஓட்டியது அறுபடாத வண்டி. அவருக்கு அது முதல் வண்டியா என்று கேட்டாயா?" என்றோம். தாயார் அப்போதுதான் வாய் திறந்தார்: "இல்லை சாமி. பத்து வருசம் சைக்கிள். அப்புறம் ஒரு பழைய ராஜ்தூத்."

தாயாரிடம் நாம் சொன்னது இதுதான்: வண்டி வேண்டாம், பிள்ளையின் ஆசையைப் பழிக்கவும் வேண்டாம். இளைஞரிடம் சொன்னது: எடை குறைந்த வண்டியில் ஈராண்டு பழகு. எண்கள் ஒத்த, சேசிஸ் அறுபடாத புல்லட் ஒன்று கிடைக்கும் நாளில், எஞ்சின் வேலை எத்தனை இருந்தாலும் அஞ்சாதே. தேய்ந்ததைச் சரிசெய்யலாம்; அறுத்ததைச் சரிசெய்வது அரிது.

அவர் இப்போது பழைய நூறு சி.சி. வண்டி ஒன்றில் வேலைக்குச் செல்கிறார். நம்மீது வருத்தம் முற்றிலும் தீர்ந்ததா என்று தெரியவில்லை. ஞாயிறுதோறும் கோயில் வாசலில் வண்டியை நிறுத்தித் தலைக்கவசத்தைக் கழற்றும்போது ஒரு புன்னகை மட்டும் வருகிறது. அணைக்கரைப் பாலத்தைக் கடக்கும் நேரங்களில் நமக்கு அந்தக் கற்களின் நினைவு எழுகிறது. நீருக்காகப் பெயர்த்த கல்லை மன்னித்துவிடலாம். அழகு காட்டுவதற்காக அறுத்த இரும்பின்மேல் ஒரு தாயின் சீட்டுப் பணத்தையும் ஓர் இளைஞனின் உயிரையும் வைக்கச் சொல்ல நமக்கு மனம் வரவில்லை.