குதிரைக்கு ஒரு சிட்டிகை பாஷாணம்!

குதிரைச் சந்தைக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். குதிரையைப் பற்றி உங்களுக்கு ஒன்றுமே தெரியாது. எதைப் பார்த்து வாங்குவீர்கள்? பல்லைப் பிடித்துப் பார்க்க பயம். குளம்பைத் தூக்கிப் பார்த்தால் உதை விழலாம். மிச்சமிருப்பது ஒன்றுதான்... உடம்பின் மினுமினுப்பு! எண்ணெய் தடவினாற்போல ரோமம் பளபளத்தால், ‘ஆஹா, நல்ல குதிரை’ என்று பர்ஸைத் திறந்துவிடுவீர்கள்.

இது குதிரைக்காரர்களுக்குக் காலங்காலமாகத் தெரியும். வம்பு ஆரம்பித்ததும் அங்கேதான்.

19-ம் நூற்றாண்டின் வியன்னாவுக்குப் போவோம். பிரபுக்களின் சாரட் வண்டிகள் தெருவில் வரிசைகட்டிப் போகும். வண்டிக்குதிரை சோகையாகத் தெரிந்தால் எஜமானருக்குக் கௌரவக் குறைச்சல். லாயக்காரருக்கு வேலை காலி. ஆகவே, லாயக்காரர்கள் ஒரு ரகசியம் வைத்திருந்தார்கள். ஓட்ஸ் தீவனத்தின் மேல் ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடி! இல்லாவிட்டால், பட்டாணி அளவு கட்டியைத் துணியில் முடிந்து கடிவாளத்தில் கட்டிவிடுவார்கள். எச்சிலோடு கரைந்து கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும். குதிரையின் வாயில் வெள்ளை நுரை தள்ளும். பார்க்கிறவர்களுக்கு, ‘அடேயப்பா, என்ன துடிப்பு!’ என்று தோன்றும்.

அந்தப் பொடி ஆர்சனிக். நம் ஊர் பாஷையில் வெள்ளைப் பாஷாணம்!

1851-ல் ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த ட்ஷூடி என்ற ஆராய்ச்சியாளர் இதை எழுதினார். ஆஸ்திரியாவின் ஸ்டிரியா மலைப்பகுதியில் விவசாயிகளே பாஷாணம் தின்கிறார்கள் என்றும் சேர்த்துச் சொன்னார். மலை ஏறும்போது மூச்சு வாங்காதாம், கன்னம் சிவக்குமாம். டாக்டர்கள் பலர் நம்பவில்லை. ஆனால், விஷயம் வெறும் கட்டுக்கதை இல்லை. மிகச் சிறிய அளவில் ஆர்சனிக் உள்ளே போனால் சருமத்தின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் விரிகின்றன, மேனி மினுங்குகிறது. ட்ஷூடி சொன்ன இன்னொரு தகவல்தான் பயங்கரம். பாஷாணம் தின்று பழகிய குதிரையை, விஷயம் தெரியாத ஒருவர் வாங்கிப்போய் வெறும் தீவனம் போட்டால் அது இளைத்து, மங்கிப்போகும். விற்றவன் காசை எண்ணிக்கொண்டிருப்பான்!

லாயத்தில் மட்டும் இருந்த சரக்கும் இல்லை இது. 1786-ல் தாமஸ் ஃபௌலர் என்ற ஆங்கிலேய டாக்டர், ஆர்சனிக்கைக் கரைத்து ஒரு திரவ மருந்தை அறிமுகப்படுத்தினார். மலேரியாவுக்கும் தோல் வியாதிக்கும் மனிதர்களே குடித்த ‘ஃபௌலர் சொல்யூஷன்’ அது. மனிதருக்கு ‘டானிக்’ என்றால் குதிரைக்கு மட்டும் ஆகாதா என்ன? பந்தயக் குதிரை லாயங்களில் பாட்டில் பாட்டிலாகப் புகுந்தது.

இப்போது, ஃபார் லாப்.

1926-ல் நியூஸிலாந்தில் பிறந்த செம்பழுப்பு நிறக் குதிரை. வெறும் 160 கினிக்கு ஏலம் போனது. வாங்கிய முதலாளி டேவிட் டேவிஸ் அதன் கோணல்மாணல் உடம்பைப் பார்த்ததும் கடுப்பாகிவிட்டார். பயிற்சியாளர் ஹாரி டெல்ஃபோர்டுதான், ‘குத்தகைக்குக் கொடுங்க, நான் பார்த்துக்கறேன்’ என்கிற மாதிரி மூன்று வருடத்துக்கு எடுத்துக்கொண்டார். அப்புறம் நடந்ததெல்லாம் சரித்திரம். 51 பந்தயங்கள், 37 வெற்றிகள்! 1930-ல் மெல்போர்ன் கோப்பை. பொருளாதார மந்தத்தில் வேலையிழந்து தவித்த ஆஸ்திரேலியர்களுக்கு, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சைவிட சனிக்கிழமை ஃபார் லாப் பெரிய ஆறுதலாக இருந்திருக்க வேண்டும்.

1932 மார்ச் 20. மெக்ஸிகோவில் ஓடி ஜெயித்தது. பதினாறே நாளில், ஏப்ரல் 5-ம் தேதி, கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில் துடிதுடித்து இறந்தது. கூடவே இருந்து பராமரித்த டாமி வுட்காக் உடைந்துபோனார். ‘அமெரிக்க சூதாட்ட கோஷ்டி விஷம் வைத்துவிட்டது’ என்று ஆஸ்திரேலியாவே கொதித்தது. மரங்களுக்கு அடித்த பூச்சிமருந்து புல்லில் விழுந்தது என்றார்கள் சிலர். குடல் நோய் என்றார்கள் பின்னாளில் சிலர்.

எழுபத்து நான்கு வருடம் கழித்து, 2006-ல், அதன் பிடரி மயிர் வாய் திறந்தது. சிகாகோ அருகே சக்திவாய்ந்த எக்ஸ்-ரே கருவியில் வைத்து ஆராய்ந்தபோது, சாவதற்கு 30 முதல் 40 மணி நேரத்துக்கு முன்னால் பெரிய அளவில் ஆர்சனிக் உள்ளே போயிருந்தது தெரிந்தது. 2008-ல் மெல்போர்ன் மியூஸியம், டெல்ஃபோர்டின் கையெழுத்து நோட்டுப் புத்தகத்தை ஏலத்தில் எடுத்தது. உள்ளே என்ன? குதிரை டானிக் செய்முறைகள்! ஆர்சனிக், ஸ்ட்ரிக்னின், கொகெய்ன்...

அதற்காக ‘கொன்றது டெல்ஃபோர்டுதான்’ என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். அந்தக் காலத்தில் ஊர் உலகமே கொடுத்துக்கொண்டிருந்த சரக்கு அது. கொலைக்கும் கைதவறுதலுக்கும் நடுவே இருந்தது சில சொட்டு வித்தியாசம். எதிரி தேவையே இல்லை, ஸ்பூன் கொஞ்சம் பெரிதாக இருந்தால் போதும் என்பது என் அபிப்பிராயம்.

‘அதெல்லாம் பழைய கதை சார்’ என்கிறீர்களா? ஆர்சனிக் போய்விட்டது, நிஜம்தான். இன்றைய டப்பாக்களில் பயோட்டின், ஒமேகா-3, துத்தநாகம், செலினியம். இதில் செலினியத்தைக் கவனியுங்கள். ஒரு குதிரைக்கு நாளொன்றுக்கு ஓரிரு மில்லிகிராம் அவசியம், குறைந்தால் தசைநோய். கூடினால்? பிடரியும் வாலும் உதிரும்! ரோமம் மினுங்கட்டுமே என்று இரண்டு கம்பெனி டப்பாவைச் சேர்த்துப் போடுகிறவர்கள் பார்க்க வேண்டியது லேபிளில் இந்த ஒரு வரியைத்தான். 2009 ஏப்ரலில் ஃப்ளோரிடாவில், போலோ ஆட்டத்துக்குத் தயாராக இருந்த 21 குதிரைகள் சுருண்டு விழுந்து செத்தன. சத்து ஊசியில் செலினியம் அளவு எகிறியிருந்தது.

அனுபவஸ்தர்கள் மங்கிய குதிரையைப் பார்த்தால் முதலில் டப்பாவைத் தேடுவதில்லை. வயிற்றில் புழுவா, பல் தேய்ந்து தீவனம் சரியாக மெல்லவில்லையா, புல் மட்டமா என்று பார்ப்பார்கள். அப்புறம்தான் வேகவைத்த ஆளிவிதையோ, கொஞ்சம் எண்ணெயோ. அதையும் படிப்படியாகத்தான் கூட்ட வேண்டும். குதிரைக்குப் பித்தப்பை கிடையாது; திடீரென்று ஊற்றினால் வயிறு கெடும். ரோமத்தில் பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும். வியன்னா லாயக்காரருக்கு அவ்வளவு பொறுமை ஏது?

ஃபார் லாப் இன்று மூன்று இடத்தில் இருக்கிறது. எலும்புக்கூடு நியூஸிலாந்தில். ஆறு கிலோவுக்கு மேல் எடையுள்ள இதயம் கான்பெராவில். தோல், பாடம் செய்யப்பட்டு மெல்போர்ன் மியூஸியத்தில் கண்ணாடிக்குப் பின்னால் பளபளவென்று நிற்கிறது. பாடம் செய்தவர்கள் தோல் கெடாமலிருக்கப் பயன்படுத்தியதும் ஆர்சனிக்தான். சாவதற்கு முன் உள்ளே போனது எது, செத்தபின் மேலே பூசியது எது என்று பிரித்தறிவதற்குள் விஞ்ஞானிகளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது!