முப்பது மார்க் கேள்வித்தாள்

பூலாம்பாடியில் எண்பது வயதுப் பெரியவரிடம் "இது எந்த மாவட்டம்?" என்று கேட்டால், "திருச்சி ஜில்லா" என்று பதில் வரலாம். மறதியைச் சோதிக்கும் தாளில் ஒரு மார்க் போய்விடும். ஆனால் அவர் ஆயுளில் பெரும்பகுதிக்கு அதுதான் சரியான விடை. பெரம்பலூர் தனி மாவட்டமானதே 1995-இல்தான். அரியலூர்க்காரருக்கு இன்னும் குழப்பம்: 2001-இல் தனி மாவட்டம், அடுத்த ஆண்டே மீண்டும் பெரம்பலூரோடு, 2007-இல் மறுபடி தனி.

அந்தத் தாள் 1975-இல் அமெரிக்காவில் பிறந்தது. மார்ஷல் ஃபோல்ஸ்டீன், சூசன் ஃபோல்ஸ்டீன், பால் மெக்ஹியூ மூவரும் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே பத்து நிமிடத்தில் முடிக்கும்படி எழுதினார்கள். மொத்தம் 30 மார்க். இன்று என்ன தேதி, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழி, ஒரு வாக்கியம் எழுது, பின்னிக்கிடக்கும் இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரை. 24-க்குக் கீழே போனால் சந்தேகம். பள்ளிக்கூடம் போனவர்களுக்கான தாள் அது.

தொண்ணூறுகளில் அது ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களுக்கு வந்தபோது, எதிரே உட்கார்ந்த முதியவர்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆய்வாளர் மேரி கங்குலியின் குழு கேள்விகளையே மாற்றியது. 'கண்ணை மூடு' என்று எழுதியிருப்பதைப் படித்து அதன்படி செய்ய வேண்டாம். கேட்பவர் முகத்தைப் பார்த்து அவர் செய்வதைச் செய்தால் போதும். கழித்தல் கணக்குக்குப் பதில், கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்வது.

1998-இல் கொச்சியில் கூடிய ஆய்வாளர்கள் '10/66' என்ற குழுவைத் தொடங்கினார்கள். மறதிநோயாளிகளில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருக்க, ஆய்வில் 10 சதவீதம்கூட அங்கே நடக்கவில்லை என்ற ஆதங்கம்தான் அந்தப் பெயர். வேலூர் சி.எம்.சி.யும் அந்த ஆய்வில் சேர்ந்தது. அவர்கள் பெரியவரோடு நிற்காமல், வீட்டில் உடனிருப்பவரிடமும் கேட்டார்கள். மறதிச் சோதனைக்கு நடந்த பெரிய நல்லது இதுதான் என்பேன்.

பேரன் பேர் நாக்கு நுனியில் நின்று ராத்திரி ஞாபகம் வந்தால் அது வயசு. கேட்டதையே கால் மணிக்கொரு தரம் கேட்டால், நாற்பது வருஷம் நடந்த கொல்லைக்கு வழி தடுமாறினால், வெங்காயம் விற்ற காசுக்குக் கணக்குச் சொல்ல முடியாமல் திணறினால், அது வேறு. இந்த வித்தியாசம் மார்க்கில் தெரியாது, மருமகளுக்குத் தெரியும்.

பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு இவையும் மறதியாகத் தலைகாட்டும். பெரும்பாலும் மருந்துக்குக் கேட்கும். காது மந்தமானவருக்கும் மார்க் குறையும். அதனால் "வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். அப்பாவை டாக்டரிடம் அழைத்துப் போகும்போது, தினமும் அவருக்குச் சோறு போடுகிறவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.