பார்க்மேனின் பல்செட்

1849 நவம்பர் 23. பாஸ்டன் நகரத்துப் பணக்காரர் டாக்டர் ஜார்ஜ் பார்க்மேன் கடன் வசூலுக்குக் கிளம்பினவர் வீடு திரும்பலை. ஊர் முழுக்க நோட்டீஸ், 3000 டாலர் பரிசு. ஒரு வாரம் கழிச்சு ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரியில், அவர்கிட்ட கடன்பட்டிருந்த வேதியியல் பேராசிரியர் ஜான் வெப்ஸ்டரோட ஆய்வுக்கூடத்துக்கு அடியில் உடல் துண்டுகள் கிடைச்சுது. தலை இல்லை. அதுவும் பிணம் அறுத்துப் பாடம் நடத்துற கட்டிடம்! யாரோட உடம்புன்னு எப்படிச் சொல்றது?

துப்புக் கொடுத்தது அடுப்புச் சாம்பல்தான். அதில் செயற்கைப் பற்கள் கிடந்தன. பல் மருத்துவர் நேத்தன் கீப் பார்த்ததுமே, 'இது நான் செஞ்சது'ன்னுட்டார். பார்க்மேனுக்குத் தாடை துருத்திக்கிட்டிருக்கும். அதுக்கு எடுத்த அச்சை கீப் பத்திரமா வெச்சிருந்தார். பற்கள் அதில் பொருந்துச்சு. நாக்குக்கு இடைஞ்சலா இருக்குன்னு உள்பக்கம் தேய்ச்சுக் கொடுத்த தடமும் அப்படியே இருந்துது. கோர்ட்டில் இதைச் சொல்லும்போது மனுஷன் அழுதுட்டார்.

எதிர்த்தரப்பு சாட்சி, ஈதர் மயக்க மருந்தால் புகழ்பெற்ற வில்லியம் மார்ட்டன். அந்தத் தாடையில் அப்படியொண்ணும் தனித்துவம் தெரியலையேன்னார். ஒருத்தர் உயிர் ஊசலாடுற வழக்கில் கேட்கவேண்டிய கேள்விதான். ஆனா அந்தத் தேய்ச்ச தடம் இன்னொருத்தர் பல்செட்டிலும் இருக்குமா என்ன?

வெப்ஸ்டருக்குத் தூக்கு. தீர்ப்புக்கு அப்புறம் கொன்னதை ஒத்துக்கிட்டார். 1850 ஆகஸ்ட் 30ல் தூக்கில் போட்டாங்க.

அந்தப் பல்செட்டை 1846ல் பார்க்மேன் அவசரப்படுத்தி வாங்கினது எதுக்குத் தெரியுமா? இதே கல்லூரிக் கட்டிடத் திறப்பு விழாவுக்கு! நிலம் கொடுத்தவரே அவர்தான்.