தொட்டிலில் இட்ட பெயர்

சென்ற ஆண்டு நம் சங்கத்து அன்பர் ஒருவர் இல்லத்தில் தொட்டிலிடும் விழா நிகழ்ந்தது. நாமும் சென்றிருந்தோம். தாய்மாமன் சீர் வந்துவிட்டது, இலையும் போட்டாயிற்று, பிள்ளைக்குப் பெயர் மட்டும் முடிவாகவில்லை. காலஞ்சென்ற தம் தந்தையாரின் பெயரையே இட வேண்டும் என்றார் பிள்ளையின் தந்தை. தாயார் நல்ல தமிழ்ப் பெயர் ஒன்றைத் தேர்ந்து வைத்திருந்தார். அதில் ழகரம் இருந்தது.

"இந்த ஊரில் யார் வாயில் அது நுழையும்? பள்ளியில் பிள்ளையைக் கேலி செய்வார்கள்" என்றார் அவர்.

"ஊரார் வாய்க்காகவா பெயர் வைக்கிறோம்? மாமா பெயரைச் சொல்லி நான் எப்படி அவனை அதட்டுவேன்?" என்றார் அம்மையார்.

கூடியிருந்தோர் சிரித்தனர். பெற்றோர் இருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை. அன்று அக்குழந்தை வெறும் "தம்பி"யாகவே தொட்டிலில் உறங்கியது. வீடு திரும்பும் வழியெல்லாம் இது பற்றியே நாம் எண்ணி வந்தோம். பெயரைப் பற்றிய இவ்வழக்கு இன்று நேற்றுத் தோன்றியதன்று. அதன் வரலாற்றைச் சிறிது ஆராய்வது இம்மலரைப் படிக்கும் அன்பர்களுக்குப் பயன்படும் எனக் கருதி ஈண்டு எழுதத் துணிந்தோம்.

பெயரனும் பாட்டனும்

பேரன் என்னும் சொல் பெயரன் என்பதன் திரிபு. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் ஆதலின் அவன் பெயரன் ஆயினான். உறவுமுறைச் சொல்லிலேயே பெயரிடும் முறையைப் பொதிந்து வைத்த மொழி நம்முடையது. தலைமகனுக்குத் தந்தைவழிப் பாட்டன் பெயரும் அடுத்தவனுக்குத் தாய்வழிப் பாட்டன் பெயரும் இடுவது தமிழகத்துக் குடிகள் பலவற்றில் வழக்கமாக இருந்து வந்துள்ளது. இது வெறும் சடங்கன்று. இரு வீட்டாருக்கும் உள்ள உரிமையை முன்கூட்டியே பங்கிட்டு வைத்த ஏற்பாடாகும்.

அந்த ஏற்பாட்டிலும் ஓர் இடர் இருந்தது. மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லலாகாது என்பது பழைய கட்டுப்பாடு. பெற்ற பிள்ளைக்கு அதே பெயர் வாய்த்தால் தாய் என் செய்வாள்? "ஐயா" என்றும் "பெரியவனே" என்றும் "தம்பி" என்றும் அழைத்துக் காலங் கழித்தாள். நம் வீடுகளில் ஏட்டுப் பெயர் ஒன்றும் கூப்பிடும் பெயர் வேறொன்றுமாக வழங்கி வருவதற்கு இது ஒரு காரணம். தாயின் சொல்லுக்கு ஏட்டில் இடமில்லாத காலத்தில், அவள் தனக்கென வைத்துக்கொண்ட பெயரே செல்லப் பெயர் ஆயிற்று எனலாம்.

அரண்மனைத் தொட்டில்கள்

குடிமக்கள் வீட்டில் பூசலாக நின்றது அரசர் வீட்டில் நாட்டின் போக்கையே மாற்றியது. முதலாம் ஆதித்த சோழன் இராட்டிரகூட மன்னன் இரண்டாம் கிருட்டிணனின் மகளை மணந்தான். அவள் வயிற்றில் பிறந்த மகனுக்குக் கன்னரதேவன் என்று பெயர். கன்னரன் என்பது கிருட்டிணன் என்பதன் மற்றொரு வடிவமே. அஃதாவது, சோழன் மகனுக்குத் தாய்வழிப் பாட்டனின் பெயர் வாய்த்தது. எனினும் அரியணை ஏறியவன் மற்றொரு மகனான பராந்தகன். அதனால் பேரனுக்கு ஆதரவாகப் பாட்டன் படையெடுத்து வந்தான் என்றும், வல்லத்துப் போரில் சோழர் அப்படையை வென்றனர் என்றும் ஆராய்ச்சியாளர் கூறுவர்.

இதனினும் சுவையானது வேங்கி நாட்டு வரலாறு. முதலாம் இராசராசன் தன் மகள் குந்தவையைக் கீழைச் சளுக்கிய மன்னன் விமலாதித்தனுக்கு மணம் செய்து கொடுத்தான். தமிழ்நாட்டினின்று தெலுங்கு நாட்டிற்குக் குடிபுகுந்த அவ்விளவரசிக்கு ஓர் ஆண்மகவு பிறந்தது. பிள்ளையின் தந்தைவழிப் பாட்டன் தானார்ணவன். சளுக்கிய குலத்தில் விஷ்ணுவர்த்தனன், விசயாதித்தன், சயசிம்மன் என்னும் பெயர்கள் தலைமுறை தலைமுறையாக மாறிமாறி வந்தவை. இவை யாவும் இருக்க, பிள்ளைக்குத் தாயைப் பெற்ற பாட்டனின் பெயரே இடப்பட்டது. அவனே இராசராச நரேந்திரன். விமலாதித்தனின் மற்றொரு மனைவிக்குப் பிறந்த மகனோ விசயாதித்தன் என்னும் குலப்பெயரைப் பெற்றான். தொட்டிலைச் சுற்றி எழுந்த பேச்சுகளைச் செப்பேடுகள் பொறித்து வைப்பதில்லை. பெயர் எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதை மட்டும் காட்டுகின்றன. பின்னர் அவ்விரு மைந்தரும் அரியணைக்காகப் போரிட்டனர். தாய்மாமனாகிய முதலாம் இராசேந்திர சோழனின் படை துணை நிற்க, 1022-ஆம் ஆண்டில் இராசராச நரேந்திரன் முடி சூடினான்.

அடுத்த தலைமுறையிலும் அவ்வாறே நிகழ்ந்தது. நரேந்திரன் இராசேந்திர சோழனின் மகள் அம்மங்கைதேவியை மணந்தான். பிறந்த மகனுக்கு மீண்டும் தாய்வழிப் பாட்டன் பெயர். அவனும் இராசேந்திரன் ஆயினான். கங்கைகொண்ட சோழனின் தேவி அக்குழந்தையை எடுத்து மகிழ்ந்து, இவன் நமக்கே மகனாகத் தக்கவன் என்று எண்ணியதாகச் செயங்கொண்டார் கலிங்கத்துப்பரணியில் பாடியுள்ளார். ஒரு பாட்டியின் ஆசை அது. 1070-இல் அது நிறைவேறியது. வேங்கியில் பிறந்த பேரன் சோழ நாட்டுக்கே மன்னன் ஆனான்.

ஈண்டு ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். ஆட்சியின் தொடக்க ஆண்டுகளில் இராசேந்திரன் என்றே கல்வெட்டுகளில் குறிக்கப்பெற்ற அம்மன்னன், பின்னர்க் குலோத்துங்கன் என்னும் பெயரைத் தாங்கினான். குலத்தை உயர்த்தியவன் என்பது அதன் பொருள். எந்தக் குலம் என்று அப்பெயர் சொல்லவில்லை. ஞாயிற்றின் குலமாகிய சோழர் குலத்துக்கும் திங்களின் குலமாகிய சளுக்கியர் குலத்துக்கும் அது ஒருங்கே பொருந்தும். இரு வீட்டுக்கும் பிள்ளையான ஒருவன் தனக்குத் தானே தேர்ந்த விடையாகவே அப்பெயர் நமக்குத் தோன்றுகிறது.

இருபெயரும் ஒருபெயர்

கலிங்க நாட்டில் வேறொரு வழி கண்டனர். கீழைக் கங்க மன்னன் இராசராச தேவேந்திரவர்மன் சோழ இளவரசி இராசசுந்தரியை மணந்தான். அவர்கள் மகன் அனந்தவர்மன் சோடகங்கன் 1078-இல் முடி சூடினான். சோடன் என்றால் சோழன். தாய்வீடு முன்னும் தந்தைவீடு பின்னுமாக இரண்டையும் ஒரே பெயரில் தாங்கியவன் அவன்.

பெயர் இணைந்தமையால் பகை ஒழிந்ததோ எனின், இல்லை. கருணாகரத் தொண்டைமான் தலைமையில் குலோத்துங்கனின் படை கலிங்கத்தின்மீது சென்றபோது அங்கு அரசாண்டவன் இச்சோடகங்கனே. பெயர் ஒன்றே உறவைக் காத்துவிடாது என்பதற்கும் இது சான்றாகிறது.

எனினும் வேறோர் உண்மையை இவ்வரலாறுகள் நமக்கு உணர்த்துகின்றன. தஞ்சைப் பாட்டனின் பெயரைத் தாங்கிய இராசராச நரேந்திரனின் அவையில்தான் நன்னயர் மகாபாரதத்தைத் தெலுங்கில் பாடத் தொடங்கினார். தெலுங்கர் ஆதிகவி என்று போற்றுவது அவரையே. சோழப் பெயரைத் தாங்கிய சோடகங்கனே பூரி சகந்நாதர் பெருங்கோயிலை எடுக்கத் தொடங்கினான். தாய்வீட்டுப் பெயர் இவர்களைப் பிறந்த மண்ணிலிருந்து பிரிக்கவில்லை. பெயரால் ஒரு நாட்டையும் தொண்டால் மற்றொரு நாட்டையும் இவர்கள் பெருமைப்படுத்தினர். பிற மொழி வழங்கும் நகரில் பிள்ளை வளர்க்கும் நாம் நெஞ்சில் இருத்த வேண்டிய செய்தி இதுவே.

மொழி கேட்ட உரிமை

இருபதாம் நூற்றாண்டில் பாட்டன்மாரோடு மொழியும் தொட்டிலருகே வந்து நின்றது. 1916-இல் தனித்தமிழ் இயக்கம் கண்ட சுவாமி வேதாசலம் தம் பெயரை மறைமலையடிகள் என மாற்றிக்கொண்டார். அவருக்கு முன்பே சூரியநாராயண சாத்திரியார் பரிதிமாற்கலைஞர் என்னும் பெயரைப் புனைந்திருந்தார். பின்னர் நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார். இராமையா அன்பழகன் ஆனார். பெற்றோர் இட்ட பெயரைப் பிள்ளைகளே மாற்றிய காலம் அது. அவர்கள் பெற்றோரானபோது தமிழ்ப் பெயர் தொட்டிலுக்கே வந்தது. பாட்டன் பெயருக்கும் தமிழ்ப் பெயருக்கும் இடையே பல வீடுகளில் வழக்கும் உடன் வந்தது.

வழக்கு மன்றம் ஏறிய பெயர்

வீட்டில் தீராத வழக்கு எங்கே போய் முடியும்? மைசூரு மாவட்டத்து உன்சூரில், ஆண்குழந்தை ஒன்றின் பெயர் குறித்துக் கணவனும் மனைவியும் மூன்றாண்டுகள் பிணங்கிப் பிரிந்திருந்தனர். 2024-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் நீதிமன்றமே பிள்ளைக்குப் பெயர் சூட்டி அவர்களைச் சேர்த்து வைத்தது. அதற்கு முந்திய ஆண்டில், பிரிந்து வாழ்ந்த பெற்றோர் உடன்படாத ஒரு பெண்குழந்தைக்குக் கேரள உயர்நீதிமன்றம் தானே பெயர் தேர்ந்தது. பெற்றோரின் பிணக்கினும் பிள்ளையின் நலமே பெரிது என்பது அம்மன்றத்தின் கருத்து. பாட்டியும் அத்தையும் கூடிச் செய்ய வேண்டிய செயலை நீதிபதி செய்ய நேர்ந்தது வருந்தத்தக்கதே. ஆயினும் பெயரின்றி ஒரு பிள்ளை வளர்வதினும் அது மேலானது.

1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் இதில் சற்றுப் பொறுமை காட்டுகிறது. பெயரின்றியே பிறப்பைப் பதிந்து, பின்னர்ப் பெயரைச் சேர்க்கலாம். ஓராண்டு வரை கட்டணம் இல்லை. அதன் பின்னும் பதினைந்து ஆண்டுகள் வரை கட்டணத்துடன் இடமுண்டு. சட்டமே காத்திருக்கும்போது பெற்றோர் சில வாரங்கள் அமர்ந்து பேசலாகாதா?

நிற்க. தொடக்கத்தில் கூறிய அன்பர் இல்லத்துக்கு மூன்று திங்கள் கழித்து நாம் மீண்டும் சென்றோம். சோடகங்கன் கதையை முன்னரே அவர்களிடம் சொல்லியிருந்தோம். பாட்டனார் பெயரை முன்னும் அம்மையார் தேர்ந்த பெயரைப் பின்னுமாக வைத்துப் பதிந்துவிட்டனர். வீட்டில் அழைப்பது அம்மையார் தேர்ந்த பெயரால். அடுத்த வீட்டுச் சிறுமி அந்த ழகரத்தை லகரமாக்கி அழைத்தாள். பிள்ளை அவளைப் பார்த்துச் சிரித்தது. தந்தையார் அவளை அருகில் அழைத்து, நாவை எப்படி வளைப்பது என்று மும்முறை சொல்லிக் காட்டினார். மூன்றாம் முறை ஏறக்குறைய வந்துவிட்டது.

இவ்வாண்டு விழாவில் அப்பிள்ளையைத் தாயின் மடியில் காணலாம். பெயரைக் கேட்டறிந்து, பிழையின்றி அழைத்து வாழ்த்துமாறு அன்பர்களை வேண்டுகிறோம்.