மூன்று முறை போன வேலை



சாவு வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போகிறோம். வேலை போன வீட்டுக்கு யாரும் போவதில்லை. வடமதுரைப் பக்கம் நான் வேலை பார்த்த ஊரில் அப்படி ஒரு வீடு இருந்தது.

1989இல் கலைஞர் ஆட்சியில் ஊராட்சிகளுக்கு மக்கள் நலப் பணியாளர்களை நியமித்தார்கள். பெரும்பாலும் பத்தாவது முடித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த பிள்ளைகள். சம்பளம் சொற்பம்தான், ஆனால் ஊரில் மரியாதை. 1991இல் ஆட்சி மாறியது, ஜெயலலிதா அரசு நீக்கியது. 1997இல் கலைஞர் திரும்ப எடுத்தார். 2001இல் நீக்கம். 2006இல் மறுபடி வேலை. 2011 நவம்பரில் சுமார் 13,500 பேர் ஒரே ஆணையில் வெளியே. திட்டத்தில் குறை இருந்திருக்கலாம், கட்சிக்காரர்களும் இருந்திருக்கலாம். அதற்காக இப்படியா?

அந்த வீட்டுக்காரரின் மூன்று பிள்ளைகளையும் பள்ளியில் சேர்த்தது நான்தான். சேர்க்கைப் பதிவேட்டில் தந்தையின் தொழில் என்று ஒரு கட்டம் உண்டு. மூத்த பெண்ணுக்கு 1998இல் 'மக்கள் நலப் பணியாளர்' என்று எழுதினேன். பையனுக்கு 2002இல் 'கூலி'. கடைக்குட்டிக்கு 2007இல் மீண்டும் 'மக்கள் நலப் பணியாளர்'. 2011இல் அந்தச் சின்னவள் என் மேஜை அருகே வந்து மெதுவாகக் கேட்டாள்: "டீச்சர், அப்பா வேலைய மாத்தி எழுதணுமா?" பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஒரேயடியாகப் போயிருந்தால் அழுதுவிட்டு வேறு பிழைப்பைப் பார்த்திருப்பார். இது அடுத்த தேர்தலில் வந்துவிடும் என்றே ஐந்தைந்து வருடமாகப் போனது. நாற்பத்தாறு வயதில் நூற்பாலையில் யார் சேர்ப்பார்கள்? தோட்டத்தில் மல்லிகை பறிக்கப் போனார். ஊராட்சி அலுவலகத்தைத் தாண்டாமல் சுற்றுவழியாக நடப்பார். சட்டைப்பையில் பேனா மட்டும் இருக்கும். மூத்த பெண் பன்னிரண்டாவதோடு நின்று மில்லுக்குப் போனாள். நல்ல கணக்குப் பிள்ளை. இன்றும் எனக்கு அது ஆறவில்லை.

வழக்கு உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று இழுத்தது. 2022இல் நூறு நாள் வேலைத் திட்டத்தில் பணி ஒருங்கிணைப்பாளர் வேலை தருவதாக அரசு அறிவித்தது, மாதம் 7,500 ரூபாய். 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. 57 வயதில் போய்ச் சேர்ந்தார்.

போனில் அவர் மனைவிதான் சொன்னார்: "டீச்சர், வேலை வந்திருச்சு. யார்கிட்டயும் சொல்லிராதீங்க."