பெயரும் விலையும்: களப்பெயர் வாணிபத்தின் வரலாறும் புதியோர்க்கான பாடமும்

பொருள்களுக்குப் பெயரிடுவது மனித இனத்தின் மிகப் பழைய வழக்கம். பெயரையே ஒரு பொருளாக்கி விற்பதும் வாங்குவதும் அண்மைக் காலத்து வழக்கம். புலவர் பாடிய சொல்லுக்குப் புரவலர் பரிசில் வழங்கிய காலம் ஒன்று இருந்தது. இன்றோ அகராதியில் எவரும் காணத்தக்க ஒரேயொரு சொல் பல மில்லியன் வெள்ளிக்குக் கைமாறுகின்றது.

இணையத்தில் ஒரு நிறுவனத்துக்கோ தனிமனிதருக்கோ முகவரியாக அமையும் பெயரை ஆங்கிலத்தில் டொமைன் நேம் என்பர். தமிழில் களப்பெயர் எனலாம். இத்தகைய பெயர்களை முன்கூட்டியே பதிந்து வைத்து, தேவைப்படுவோர்க்குப் பின்னர் விற்பது இன்று ஒரு முதலீட்டுத் தொழிலாக வளர்ந்துள்ளது. இளைஞர் பலர் இதில் நாட்டம் கொள்கின்றனர். சிலர் பொருள் ஈட்டுகின்றனர். பலர் கைப்பொருளை இழக்கின்றனர். வேறு சிலர் பிறர் பெயரைக் கவர்ந்தவர் என்னும் பழியோடு வழக்கிலும் சிக்குகின்றனர். இத்தொழிலைக் கற்கப் புகுவோர்க்கு அதன் வரலாறே முதற் பாடநூலாகும்.

ஒற்றை ஏட்டில் உலகப் பெயர்கள்

1970களில் இணையத்தின் முன்னோடியாகிய ஆர்ப்பாநெட் வலையமைப்பில் இணைந்திருந்த கணினிகள் மிகச் சிலவே. ஒவ்வொன்றுக்கும் எண் முகவரி உண்டு. எண்களை நினைவிற் கொள்வது அரிதாகையால் பெயர்களும் சூட்டப்பட்டன. எந்தப் பெயர் எந்த எண்ணுக்கு உரியது என்னும் பட்டியல், கலிபோர்னியாவில் இருந்த ஓர் ஆய்வு நிறுவனத்தில், எலிசபெத் ஃபைன்லர் என்னும் அம்மையாரின் தலைமையில் இயங்கிய பிரிவால் பேணப்பட்டது. வகுப்பாசிரியரின் வருகைப் பதிவேடு போல, உலகக் கணினிப் பெயர்கள் யாவும் ஒரே ஏட்டில் அடங்கியிருந்தன.

கணினிகள் பெருகவே, அந்த ஏடு தாங்கவில்லை. 1983ஆம் ஆண்டில் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் மொக்காபெட்ரிஸ், ஜோன் போஸ்டலுடன் இணைந்து பணியாற்றிப் புதியதோர் அமைப்பை வகுத்தளித்தார். ஒரே ஏட்டுக்கு மாறாக, வேரும் கிளையும் கொண்ட மரம்போல் பெயர்கள் பகுக்கப்பட்டன. 1984 அக்டோபரில் வெளியான ஆவணம், வாணிபத்துக்குக் காம், கல்விக்கு எடு, அரசுக்குக் கவ், படைத்துறைக்கு மில், ஏனைய அமைப்புகளுக்கு ஆர்க் என்னும் பிரிவுகளை வரையறுத்தது.

1985 மார்ச் 15இல் மாசாசூசெட்ஸ் மாநிலத்துக் கணினி நிறுவனம் ஒன்று சிம்பாலிக்ஸ் டாட் காம் என்னும் பெயரைப் பதிந்தது. காம் பிரிவில் பதிவான முதற்பெயர் அதுவே. அவ்வாண்டு முழுவதிலும் அப்பிரிவில் பதிவானவை ஆறே பெயர்கள். பதிவுக்குக் கட்டணமும் இல்லை. அள்ளிக்கொள்ளத் தடையில்லாதிருந்தும் அள்ளுவார் இல்லை. சொல்லின் இனிமையோ சுருக்கமோ மட்டும் அதற்கு விலையைத் தந்துவிடுவதில்லை. அதனைப் பயன்படுத்த வேண்டிய ஒருவர் தோன்றும்போதுதான் விலை பிறக்கின்றது. வரலாறு தரும் முதற்பாடம் இது.

விலை பிறந்த காலம்

1990களின் முற்பகுதியில் உலகளாவிய வலை பொதுமக்களை எட்டியதும் நிலை மாறியது. எனினும் பெரிய நிறுவனங்கள் பலவும் தம் பெயரின் அருமையை உடனே உணரவில்லை. 1994இல் அமெரிக்கச் செய்தியாளர் ஒருவர், புகழ்பெற்ற உணவு நிறுவனமாகிய மெக்டொனால்ட்ஸின் பெயர் பதியப்படாமல் கிடப்பதைக் கண்டு, அந்நிறுவனத்துக்குச் செய்தி சொல்லியும் பயனின்றித் தாமே அதனைப் பதிந்தார். அந்த நிகழ்ச்சியை வயர்ட் இதழில் கட்டுரையாகவும் எழுதினார். முடிவில் அவர் தமக்கென ஒரு காசும் கேட்கவில்லை. நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் இருந்த ஒரு பள்ளிக்குக் கணினிக் கருவிகள் வாங்க 3,500 அமெரிக்க வெள்ளியை அந்நிறுவனம் வழங்கியது. பெயரும் உரியவரைச் சென்றடைந்தது.

இலவசக் காலமும் நெடுநாள் நீடிக்கவில்லை. 1995 செப்டம்பர் 14 முதல், பெயர்களைப் பதிந்து வந்த நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் நிறுவனம் இரண்டாண்டுக்கு 100 வெள்ளி எனக் கட்டணம் விதித்தது. பெயரைப் பிடித்து வைப்பதற்கே செலவு உண்டென்ற நிலை அன்று தோன்றியது.

1997இல் டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த மார்க் ஆஸ்ட்ரோஃப்ஸ்கி, பிசினஸ் டாட் காம் என்னும் பெயரை 150,000 வெள்ளி கொடுத்து வாங்கினார். கேட்டோர் நகைத்திருக்கக் கூடும். 1999இல் அதே பெயர் 7.5 மில்லியன் வெள்ளிக்கு விலைபோனது. வாணிபம் என்னும் பொருள் தரும் பொதுச்சொல் அது. அதனைத் தேவைப்படுவோர் உலகெங்கும் இருந்தனர். பின்னர் 2019இல், குரல் எனப் பொருள்படும் வாய்ஸ் டாட் காம் 30 மில்லியன் வெள்ளிக்கு விற்கப்பட்டது.

இத்தகைய செய்திகளே புதியோரை ஈர்க்கின்றன. ஆயின் விற்ற பெயர் செய்தியாகின்றது. விற்காத பெயர் செய்தியாவதில்லை. 2000ஆம் ஆண்டில் இணைய நிறுவனங்களின் பங்கு விலைகள் சரிந்தபோது, பெருவிலையை எதிர்பார்த்துப் பதிந்து வைத்தோர் பலர் புதுப்பிக்க மனமின்றிப் பெயர்களைக் கைவிட்டனர். பரிசு பெற்றோரை மட்டும் எண்ணி, பங்கு கொண்டோரை எண்ணாது விடுவது கணக்குப் பிழையாகும்.

பொதுவும் சிறப்பும்

இத்தொழிலின் அறமும் சட்டமும் ஓர் இலக்கணப் பாகுபாட்டில் அடங்கியுள்ளன. பொதுப்பெயர், சிறப்புப்பெயர் என மாணவர் பயிலும் வேறுபாட்டை இங்கே சற்று விரித்துக் கொள்ளலாம். வாணிபம், குரல் போன்ற சொற்கள் எவர்க்கும் பொதுவானவை. ஒரு நிறுவனம் தானே படைத்து, உழைத்துப் புகழ் சேர்த்த பெயரோ அதற்கே சிறப்பாக உரியது.

டெனிஸ் டோப்பன் என்பவர் 1995இல் திரைப்படக் கருவிகள் செய்யும் பானாவிஷன் நிறுவனத்தின் பெயரைப் பதிந்தார். தம் சொந்த மாநிலமான இல்லினாயில் உள்ள பானா என்னும் ஊரின் படங்களை அதில் வெளியிட்டார். நிறுவனம் எதிர்த்தபோது, விட்டுக்கொடுக்க 13,000 வெள்ளி கேட்டார். அவர் இவ்வாறு பதிந்த பெயர்கள் நூற்றுக்கும் மேற்பட்டவை. 1998இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஊர்ப்படம் என்னும் போர்வை அவரைக் காக்கவில்லை.

1999 நவம்பரில் அமெரிக்கா இதற்கெனவே ஒரு சட்டம் இயற்றியது. தீய நோக்குடன் பிறர் வணிகப்பெயரைப் பதிவோர்க்கு ஒரு பெயருக்கு 1,000 முதல் 100,000 வெள்ளி வரை இழப்பீடு விதிக்க அது வழிசெய்தது. 1998இல் தோன்றிய ஐகேன் அமைப்பும் அதே 1999இல் உலகுக்குப் பொதுவான பிணக்குத் தீர்வு முறையை ஏற்படுத்தியது. அதன்படி முறையீடு செய்வோர் மூன்றனை நிறுவ வேண்டும்: பெயர் தம் வணிகக்குறியை ஒத்திருத்தல்; பதிந்தவர்க்கு அப்பெயரில் நியாயமான உரிமை இல்லாதிருத்தல்; தீய நோக்குடன் பதிந்து பயன்படுத்தியிருத்தல். அம்முறையில் வந்த முதல் வழக்கு, ஒரு மற்போர்க் காட்சி நிறுவனத்தின் பெயரைப் பற்றியது. பதிந்த மூன்றே நாள்களில் அதனை 1,000 வெள்ளிக்கு விற்க முன்வந்தவர், 2000 ஜனவரியில் பெயரை இழந்தார். உலக அறிவுசார் சொத்து அமைப்பின்முன் 2023, 2024ஆம் ஆண்டுகளில் வந்த இத்தகைய முறையீடுகள் ஆண்டுக்கு 6,000க்கும் மேற்பட்டவை.

எனினும் பொதுவுக்கும் சிறப்புக்கும் இடையிலான கோடு எப்போதும் தெளிவாக இருப்பதில்லை. ஆப்பிள் என்பது பழத்துக்குப் பொதுப்பெயர், கணினிக்குச் சிறப்புப்பெயர். அப்பெயரில் பழம் விற்பது வேறு. கணினி விற்பது வேறு. உசி நிசான் என்னும் வட கரோலினா வணிகர், தம் குடும்பப் பெயரையே 1994இல் தம் கணினித் தொழிலுக்காகப் பதிந்தார். 1999இல் அதே பெயருடைய மகிழுந்து நிறுவனம் வழக்குத் தொடுத்தது. பல ஆண்டுகள் போராடி அவர் பெயரைக் காத்துக்கொண்டார். ஆனால் அதற்கு அவர் கொடுத்த பொருட்செலவும் மனவருத்தமும் பெரிது. நியாயம் தம் பக்கம் இருப்பினும் வழக்கு மலிவானதன்று.

உடைமையா, குத்தகையா?

களப்பெயர் நிலம் போன்றதென்று சிலர் கூறுவர். அது குத்தகை நிலத்தையே ஒக்கும். ஒரே முறையில் பத்தாண்டுக்கு மேல் எவரும் காம் பெயரைப் பதிய இயலாது. கட்டணம் செலுத்தும்வரைதான் உரிமை நிலைக்கும். 1999 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம், தன் மின்னஞ்சல் சேவை சார்ந்திருந்த ஒரு பெயரைப் புதுப்பிக்கத் தவறியது. பயனாளர் பலர் அஞ்சலைத் திறக்க இயலாது தவித்தனர். தொடர்பே இல்லாத நிரலாளர் ஒருவர் 35 வெள்ளியைத் தம் கையிலிருந்து கட்டிச் சேவையை மீட்டார். பெருநிறுவனமே மறந்தது என்றால், தனிமனிதர் எத்துணை விழிப்பாக இருத்தல் வேண்டும்!

களவும் உண்டு. 1994இல் கேரி கிரெமென் பதிந்த பெயரொன்றை, 1995இல் வேறொருவர் பொய்க்கடிதம் ஒன்றனால் தம் பெயருக்கு மாற்றிக்கொண்டார். உரியவர் அதனை மீட்க ஏறத்தாழ ஐந்தாண்டு வழக்காட நேர்ந்தது. அவ்வழக்கின் தொடர்ச்சியாக 2003இல் வந்த தீர்ப்பே, களப்பெயரும் களவிலிருந்து காக்கப்பட வேண்டிய சொத்து என்று உறுதிப்படுத்தியது.

புதியோர் கற்கும் முறை

இவ்வரலாற்றிலிருந்து கற்கும் நெறி தானே புலப்படும். முதலாவது, வாங்குவதற்கு முன் வாசித்தல். முதல் சில திங்கள் ஒரு பெயரும் வாங்காது, நடந்து முடிந்த விற்பனைகளை நாள்தோறும் குறித்து வருதல் நன்று. நேம்பயோ போன்ற விற்பனைப் பட்டியல்களில் பெயர், விலை, நாள் ஆகியவற்றைக் காணலாம். ஒவ்வொரு பெயருக்கும் விலையை முதலில் தாமே மதிப்பிட்டுப் பின் உண்மை விலையோடு ஒப்பிடுவோர், தம் கணிப்பு எவ்வளவு பிழையானது என்பதைச் செலவின்றி அறிவர்.

இரண்டாவது, தீர்ப்புகளைப் படித்தல். உலக அறிவுசார் சொத்து அமைப்பு தன் பிணக்குத் தீர்ப்புகளை இலவசமாக வெளியிடுகின்றது. இழந்தவர் ஏன் இழந்தார், காத்தவர் எதனால் காத்தார் என்று பத்துத் தீர்ப்புகளைப் பயின்றவர், நூறு அறிவுரைகளைக் கேட்டவரினும் தெளிவு பெறுவர். ஒரு பெயரை வாங்குமுன், நாட்டின் வணிகக்குறிப் பதிவேட்டிலும் தேடிப் பார்த்தல் இன்றியமையாதது.

மூன்றாவது, கணக்கு. காம் பெயரின் மொத்தவிலைக் கட்டணமே 2024 செப்டம்பரில் ஆண்டுக்கு 10.26 வெள்ளியாக உயர்ந்தது. ஒருவர் 200 பெயர்களை வைத்திருந்து, பெயர் ஒன்றுக்கு 12 வெள்ளி வீதம் செலுத்துகின்றார் எனக் கொள்வோம். ஆண்டுச் செலவு 2,400 வெள்ளி. நூற்றுக்கு ஒன்று வீதம் இரு பெயர்கள் விற்றால், ஒவ்வொன்றும் 1,200 வெள்ளிக்கு விற்றால்தான் அவ்வாண்டுச் செலவு மட்டும் ஈடாகும். வாங்கிய விலையும் தரகும் தனி. எனவே இருநூறு பெயர்களைக் குவிப்பதினும் பத்துப் பெயர்களைத் தேர்வதே புதியோர்க்கு ஏற்றது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, இதனைத் தேவைப்படுவோர் யார் என்று எழுத வேண்டும். எழுத இயலவில்லையெனில் வாங்கலாகாது.

நான்காவது, காவல். பதிவு நிறுவனக் கணக்குக்கு வலிய மறைச்சொல்லும் இரட்டைச் சரிபார்ப்பும் வேண்டும். மாற்றத் தடைப் பூட்டும் இடப்பட வேண்டும். விற்கும்போது பணத்தை நடுவரிடம் ஒப்படைத்துக் கைமாற்றும் முறையைப் பின்பற்றுதல் பாதுகாப்பானது.

தமிழுக்குரிய இடம்

இவ்வரலாற்றில் தமிழுக்கும் ஓர் இடம் உண்டு. 1998இல் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் டான் டின் வீ தலைமையில் நடந்த ஆய்வு, பிற மொழி எழுத்துகளிலும் களப்பெயர் அமைய வழிகோலியது. 2010களின் தொடக்கத்தில் சிங்கப்பூர், இலங்கை, இந்தியா என்னும் நாட்டுப் பெயர்கள் தமிழ் எழுத்திலேயே களப்பெயரின் ஈறுகளாயின. இவற்றில் பெருவிலை எதிர்பார்ப்பது இப்போதைக்குப் பொருந்தாது. 1985இல் காம் பிரிவு இருந்ததுபோல், பயன்படுத்துவோர் பெருகாத நிலை இது.

ஆயினும் விற்பனைக்கு அப்பால் ஒரு கடமை உள்ளது. தமிழ்ப்பள்ளிகளும் சங்கங்களும் தம் பெயரைத் தாமே பதிந்து, ஆண்டுதோறும் தவறாது புதுப்பித்து வர வேண்டும். செயலாளர் மாறும்போது மறைச்சொல்லும் முறையாகக் கைமாற வேண்டும். ஒரு சங்கத்தின் பெயர் கட்டணமின்றிக் காலாவதியானால், அதனை எடுத்துக்கொள்வோர் சட்டப்படி பிழை செய்தவராகாமலும் போகலாம். பல்லாண்டு எழுத்தும் நினைவும் அம்முகவரியோடு மறைந்துபோகும். பிறர் பெயரைத் தொடாதிருத்தலும் தம் பெயரைக் கைவிடாதிருத்தலும் ஒரே ஒழுக்கத்தின் இரு கூறுகளாம். அவ்வொழுக்கத்தை முதலிற் கற்றவர்க்கே இவ்வாணிபம் தகும்.