மிதி தரைதட்டல்

மிதி தரைதட்டல் என்பது, மிதிவண்டி வளைவில் சாய்ந்து திரும்பும்போது, வளைவின் உட்பக்கமுள்ள மிதி தன் சுழற்சியின் அடிப்புள்ளியில் தரையில் மோதுவதைக் குறிக்கும். எல்லா வகை மிதிவண்டிகளிலும் இது நிகழக்கூடும். எனினும் நிலைப்பற்சக்கர மிதிவண்டியில் இதன் ஆபத்து மிகுதி. அவ்வகை வண்டியில் ஃப்ரீவீல் இல்லை. பின்சக்கரம் சுழலும்வரை மிதிகளும் சுழன்றுகொண்டே இருக்கும். ஆகவே வளைவில் மிதியை உயர்த்தி வைத்துக்கொள்ள ஓட்டுபவரால் இயலாது. அவரால் தீர்மானிக்கக் கூடியவை வளைவுக்குள் நுழையும் வேகம், செல்லும் பாதை, உடலின் சாய்வு, வண்டியின் அமைப்பு ஆகியவை மட்டுமே.

நிலைப்பற்சக்கர மிதிவண்டி

சாதாரண மிதிவண்டியின் பின்சக்கரத்தில் ஃப்ரீவீல் பொருத்தப்பட்டிருக்கும். மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் தொடர்ந்து உருள்வதற்கு இதுவே காரணமாகும். நிலைப்பற்சக்கர மிதிவண்டியில் பின்சக்கரத்தின் பற்சக்கரம் சக்கரக் குடத்துடன் அசையாமல் பிணைக்கப்பட்டுள்ளது. மிதியை முன்னோக்கிச் சுழற்றினால் வண்டி முன்னோக்கிச் செல்லும். மிதியைப் பின்னோக்கி அழுத்தினால் வேகம் குறையும். முன்சக்கரத்திலேயே மிதிகள் பொருத்தப்பட்ட குழந்தைகளின் மூன்று சக்கர வண்டியும் இதே இயல்பு உடையது.

1885 இல் வெளிவந்த ரோவர் உள்ளிட்ட தொடக்ககாலப் பாதுகாப்பு மிதிவண்டிகள் நிலைப்பற்சக்கரம் கொண்டவையே. அக்காலத்தில் இறக்கங்களில் ஓட்டுபவர்கள் கால்களை மிதியிலிருந்து எடுத்து, முன்கவையில் உள்ள கால்தாங்கிகளின் மீது வைத்துக்கொள்வர். அப்போதும் மிதிகள் தாமே சுழன்றுகொண்டிருந்தன. 1900 ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் ஃப்ரீவீல் பரவலானது. இன்று நிலைப்பற்சக்கரம் பெரும்பாலும் தடகள மிதிவண்டிப் பந்தயத்திலும், விருப்பத்தின் பேரில் சாலையில் ஓட்டுபவர்களிடமும் காணப்படுகின்றது.

நிகழும் விதம்

வளைவில் திரும்பும் வண்டி உட்பக்கமாகச் சாய்கின்றது. சாய்வு கூடக்கூட, உட்பக்க மிதியின் வெளி விளிம்புக்கும் தரைக்கும் இடையிலான இடைவெளி குறைகின்றது. ஃப்ரீவீல் உள்ள வண்டியை ஓட்டுபவர் மிதிப்பதை நிறுத்தி, உட்பக்க மிதியை மேலேயும் வெளிப்பக்க மிதியைக் கீழேயும் வைத்துக்கொள்வார். அவ்வாறு செய்யும்போது சாய்வின் எல்லையைத் தீர்மானிப்பது டயரின் பிடிமானம் மட்டுமே. நிலைப்பற்சக்கர வண்டியில், உலர்ந்த தார்ச்சாலையில், டயரின் பிடிமானம் தீர்வதற்கு முன்பே மிதி தரையைத் தொட்டுவிடக்கூடும்.

ஒரு திருப்பத்தில் இது எத்தனை முறை நேரக்கூடும் என்பதைக் கணக்கிடலாம். முன்பற்சக்கரத்தில் 48 பற்களும் பின்பற்சக்கரத்தில் 16 பற்களும் கொண்ட வண்டியில், மிதி ஒரு முறை சுழன்றால் பின்சக்கரம் 3 முறை சுழலும். சக்கரத்தின் சுற்றளவு 2.1 மீட்டர் எனின், வண்டி 6.3 மீட்டர் செல்லும். 10 மீட்டர் ஆரமுடைய செங்கோணத் திருப்பத்தின் நீளம் ஏறத்தாழ 15.7 மீட்டர். எனவே அத்திருப்பத்தைக் கடப்பதற்குள் மிதிகள் இரண்டரை முறை சுழல்கின்றன. உட்பக்க மிதி இரண்டு அல்லது மூன்று முறை அடிப்புள்ளிக்கு வந்து செல்லும். குறித்த நேரத்தில் மிதி மேலே இருக்குமாறு பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணுவது இதனால் பயனற்றதாகும்.

மிதி தரையில் பட்ட பின்னும் சுழற்சி நிற்பதில்லை. மிதி தரையை ஊன்றி வண்டியை மேலே தூக்குகின்றது. பின்சக்கரம் தரையிலிருந்து எழும்பி, பிடிமானம் இழந்து வெளிப்பக்கமாக வழுக்கும். ஓட்டுபவர் உட்பக்கமாக விழுவார். மெல்லிய உரசலாயின் வண்டி ஒருமுறை துள்ளி மீண்டும் நிலைபெறுவதும் உண்டு.

சாய்வுக் கோணமும் வேகமும்

மிதி தரைதட்டும் கோணம் மூன்று அளவுகளைப் பொறுத்தது:

1. தரையிலிருந்து கிராங்க் அச்சின் உயரம்.
2. கிராங்கின் நீளம்.
3. வண்டியின் நடுத்தளத்திலிருந்து மிதியின் வெளி விளிம்பு வரையுள்ள தொலைவு.

எடுத்துக்காட்டாக, கிராங்க் அச்சின் உயரம் 270 மி.மீ., கிராங்கின் நீளம் 170 மி.மீ., மிதியின் பாதித் தடிமன் 12 மி.மீ. எனில், வண்டி நிமிர்ந்திருக்கும்போது மிதிக்கும் தரைக்கும் இடையே 88 மி.மீ. இடைவெளி இருக்கும். மிதியின் வெளி விளிம்பு நடுத்தளத்திலிருந்து 165 மி.மீ. தொலைவில் இருப்பின், ஏறத்தாழ 28 பாகைச் சாய்வில் மிதி தரையைத் தொடும். சாலை வண்டியின் சட்டகத்தில் நிலைப்பற்சக்கரம் பொருத்தினால் ஏற்படும் நிலை இத்தகையது. தடகளப் பந்தயச் சட்டகத்தில் கிராங்க் அச்சு உயரமாகவும் கிராங்க் குட்டையாகவும் இருக்கும். அவை முறையே 290 மி.மீ., 165 மி.மீ. எனக் கொண்டால், அதே மிதிக்கு இக்கோணம் 34 பாகையாக உயரும்.

வேகத்தின் வர்க்கத்தை, ஆரம், புவியீர்ப்பு முடுக்கம் ஆகியவற்றின் பெருக்குத்தொகையால் வகுத்தால் சாய்வுக் கோணத்தின் டேன்ஜென்ட் மதிப்பு கிடைக்கும். இதன்படி, சமதளச் சாலையில் மிதி தரையைத் தொடும் வேகங்கள் (மணிக்கு, தோராயமாக) வருமாறு:

- ஆரம் 5 மீட்டர்: சாலைச் சட்டகம் 18 கி.மீ., பந்தயச் சட்டகம் 21 கி.மீ.
- ஆரம் 10 மீட்டர்: சாலைச் சட்டகம் 26 கி.மீ., பந்தயச் சட்டகம் 30 கி.மீ.
- ஆரம் 20 மீட்டர்: சாலைச் சட்டகம் 37 கி.மீ., பந்தயச் சட்டகம் 42 கி.மீ.

இவை மோதல் நிகழும் எல்லைகளே அன்றிப் பாதுகாப்பான வேகங்கள் அல்ல. ஓட்டுபவரும் வண்டியும் ஒரே அளவு சாய்ந்திருப்பதாகக் கொண்டு இவை கணக்கிடப்பட்டுள்ளன. வேகம் இருமடங்கானால் சாய்வுக்கான மதிப்பு நான்கு மடங்காகும் என்பதால், சிறிதளவு வேகத்தைக் குறைப்பதும் பெரும் பயன் தரும்.

தவிர்க்கும் முறைகள்

வண்டியின் அமைப்பு

- குட்டையான கிராங்க்: 170 மி.மீ. கிராங்கிற்குப் பதிலாக 165 மி.மீ. கிராங்கைப் பொருத்தினால், மேற்கண்ட எடுத்துக்காட்டில் தரைதட்டும் கோணம் 1.3 பாகை அளவுக்குக் கூடும்.
- அகலம் குறைந்த மிதி: மிதியின் வெளி விளிம்பு நடுத்தளத்தை நெருங்கியிருப்பதால் அதிகச் சாய்வு இயலும்.
- பருத்த டயர்: டயரின் உயரம் கூடும் அளவுக்குக் கிராங்க் அச்சும் உயரும். சட்டகத்தில் இடம் இருந்தால் மட்டுமே இது பொருந்தும்.
- காற்கவ்வி: கால் நுழைக்கப்படாத காற்கவ்வி மிதிக்கு அடியில் தொங்கும். மிதிக்கு முன்பே அது தரையில் உரசும். ஆகவே திருப்பத்திற்கு முன் காலைக் கவ்வியில் நுழைத்துவிட வேண்டும்.
- முன்சக்கர பிரேக்: சாலையில் ஓட்டும் வண்டிக்கு இது இன்றியமையாதது. கால்களால் எதிர்த்து அழுத்தி வேகத்தைக் குறைக்க அதிகத் தொலைவு தேவைப்படும்.

ஓட்டும் முறை

- வண்டி நிமிர்ந்திருக்கும்போதே, அதாவது வளைவுக்கு முன்பாகவே, வேகத்தைக் குறைக்க வேண்டும்.
- போக்குவரத்து அனுமதிக்கும் அளவில், தன் பக்கச் சாலைக்குள்ளேயே அகலமாகத் திரும்பினால் ஆரம் கூடும்; சாய்வு குறையும்.
- உடலை உட்பக்கமாகச் சாய்த்து, வண்டியை இயன்றவரை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். இருவரின் கூட்டுப் புவியீர்ப்பு மையம் உட்பக்கம் நகர்வதால், வண்டி குறைவாகச் சாய்ந்தாலே போதும்.
- வளைவின் நடுவில் கால்களைத் திடீரென நிறுத்த முயலக்கூடாது. சுழலும் மிதி காலை உதறித் தள்ளும். அல்லது பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும்.
- மிதி லேசாக உரசினால், மிதிப்பதைத் தொடர்ந்தவாறே வண்டியைச் சற்று நிமிர்த்த வேண்டும்.

சாதாரண மிதிவண்டியில் பழகியவர்கள் திருப்பத்தில் மிதிக்காமல் உருளவிடும் வழக்கம் உடையவர்கள். நிலைப்பற்சக்கர வண்டிக்கு மாறும்போது முதலில் மறக்கவேண்டியது இவ்வழக்கமே. வாகனம் இல்லாத திறந்த வெளியில், குறைந்த வேகத்தில், இரு பக்கமும் வட்டமடித்துப் பழகுதல் நன்று.

சேலம், நாமக்கல் பகுதிச் சாலைகள்

சேலம் மாவட்டத்தில் ஜருகுமலை அடிவாரத்தில் அமைந்துள்ள பனமரத்துப்பட்டி போன்ற ஊர்களின் சுற்றுப்புறம் பெரும்பாலும் சமவெளியாகும். இத்தகைய கிராமப்புறச் சாலைகளில், வயல் வரப்பை ஒட்டித் திடீரெனத் திரும்பும் குறுகிய வளைவுகளில் கவனம் தேவை. வளைவின் உட்பக்கத்தில் மணல் சேர்ந்திருந்தால் டயரின் பிடிமானமே முதலில் தீரும். தார்ச்சாலையின் விளிம்பு உடைந்து மண்பகுதி உயர்ந்திருந்தாலும், குறுகிய உயரமான வேகத்தடைகள் இருந்தாலும், வண்டி சாயாமலேயே மிதி தட்டக்கூடும்.

மலைச்சாலைகளின் நிலை வேறு. சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகளும், நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகளும் உள்ளன. இறக்கத்தில் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் செல்லும் 48/16 பல் வண்டியின் மிதிகள் நிமிடத்திற்கு 106 முறை சுழலும். அவ்வேகத்தைக் குறைத்து, ஒவ்வொரு வளைவிலும் மிதித்துக்கொண்டே திரும்புவது கடினம். இத்தகைய இறக்கங்களுக்கு ஃப்ரீவீலும் இரு பிரேக்குகளும் உள்ள வண்டியே ஏற்றது.

சாய்தளப் பந்தயப் பாதை

தடகளப் பந்தய வண்டிகளில் பிரேக் பொருத்துவதற்கு அனுமதியில்லை. அனைத்தும் நிலைப்பற்சக்கர வண்டிகளே. பாதையின் வளைவுகள் உட்பக்கமாகச் சரிந்திருப்பதால், போதிய வேகத்தில் வண்டி பாதைக்கு ஏறத்தாழச் செங்குத்தாக நிற்கும். மிதி தரையைத் தொடாது. இங்கு ஆபத்து நேர்மாறானது. பந்தயம் இடஞ்சுழியாக நடைபெறுகின்றது. வேகம் குறைந்தால் வண்டி நிமிரும். மேற்சரிவை நோக்கியுள்ள வலப்பக்க மிதி பாதையில் தட்டும். 42 பாகைச் சரிவும் 25 மீட்டர் ஆரமும் கொண்ட வளைவில், மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் வண்டிக்குத் தேவைப்படும் சாய்வு 7 பாகை மட்டுமே. எஞ்சும் 35 பாகை வேறுபாட்டில் பந்தயச் சட்டகத்தின் மிதியும் தட்டிவிடும். சாலையில் வேகத்தைக் குறைப்பது பாதுகாப்பு. சாய்தளப் பாதையில் வேகத்தைக் காப்பது பாதுகாப்பு.

தில்லி இந்திரா காந்தி விளையாட்டு வளாகத்தில், 2010 ஆம் ஆண்டு பொதுநலவாய விளையாட்டுப் போட்டிகளுக்காக 250 மீட்டர் மரப்பாதை அமைக்கப்பட்டது. 2022 இல் அங்கு நடைபெற்ற ஆசியத் தடகள மிதிவண்டிப் போட்டியில், மணிப்பூரைச் சேர்ந்த ரொனால்டோ சிங் லைத்தோன்ஜாம் விரைவோட்டப் பிரிவில் வெள்ளிப் பதக்கம் வென்றார். தமிழ்நாட்டில், சென்னையை அடுத்த மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழக வளாகத்தில் மிதிவண்டிப் பந்தயப் பாதை உள்ளது. 2024 சனவரியில் நடைபெற்ற கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளின் தடகள மிதிவண்டிப் பந்தயங்கள் இங்கு நடத்தப்பட்டன.

இவற்றையும் பார்க்கவும்

- மிதிவண்டி
- ஃப்ரீவீல்
- மையநோக்கு விசை
- கொண்டை ஊசி வளைவு